படைச் சேகரிப்புப் பொருட்களின் புற ஊதா ஒளிச் சோதனை

பழைய படைச் சீருடைகள், தோள் சின்னங்கள், பதக்கங்கள், கொடிகள், படைவீரர் ஆவணங்கள் ஆகியவை அவற்றுக்குச் சொல்லப்படும் காலத்தைச் சேர்ந்தவைதாமா என்று அறியச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகத்தாரும் செய்யும் முதற்கட்டச் சோதனைகளில் ஒன்று புற ஊதா ஒளிச் சோதனை. இருட்டறையில் பொருளின்மீது ஏறத்தாழ 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சி, அது எங்கே, எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். நூலைப் பிரித்து எரித்துப் பார்க்கும் பழைய முறையைப் போலன்றி, இதில் பொருளுக்குச் சேதமில்லை. இந்த விளக்கு ஒரு பொருளைப் பிற்காலத்தது என்று காட்டிக்கொடுக்கக்கூடும். அசல் என்று சான்று தர அதனால் இயலாது. இந்த வேறுபாட்டை மறந்து பணத்தை இழந்தவர்கள் பலர்.

ஒளிர்வின் காரணம்

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் இயல்பு சில பொருட்களுக்கு உண்டு. இதற்கு உடனொளிர்வு என்று பெயர். 1852-இல் இதை விளக்கிப் பெயரிட்டவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். நிக்கல் ஆக்சைடு கலந்த கருங்கண்ணாடியால் கட்புல ஒளியைத் தடுத்துப் புற ஊதா ஒளியை மட்டும் வெளிவிடும் வடிகட்டியை உருவாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். முதல் உலகப் போரில் எதிரியின் கண்ணில் படாமல் சைகை அனுப்ப அந்தக் கண்ணாடி பயன்பட்டது. அதே ஒளி இன்று அந்தப் போரின் மிச்சங்களைச் சோதிக்க உதவுகிறது.

சோதனையின் அச்சாணி ஒளிர் வெண்மையாக்கி என்னும் வேதிப்பொருள். 1929-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பால் கிரைஸ், குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருள் துணிக்கு வெண்மை கூட்டுவதைக் கண்டறிந்தார். அது துணியில் நிலைக்கவில்லை. நிலைக்கக்கூடிய ஸ்டில்பீன் வகைச் சேர்மங்களை 1940-ஐ ஒட்டி ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனம் பிளாங்கோஃபோர் என்ற பெயரில் கொண்டுவந்தது. போர் முடிந்தபின், 1940-களின் இறுதியிலும் 1950-களிலும், சலவைத்தூள், காகிதம், நெசவு என எல்லாவற்றிலும் இவை புகுந்தன. நம் வீடுகளில் ஒரு தலைமுறை வெள்ளை வேட்டிக்குப் போட்ட டினோபாலும் இந்தக் குடும்பத்ததே. அதற்கு முன்பு போட்ட நீலம் வேறு வகை: அது துணியின் மஞ்சளை மறைக்கும் நிறமி, விளக்கின் கீழ் ஒளிராது. வெண்மையாக்கியோ புற ஊதாவை வாங்கிப் பளிச்சென்ற நீல வெண்மையாகத் தரும். எனவே 1942-ஆம் ஆண்டுச் சின்னம் என்று விற்கப்படும் ஒன்று இருட்டில் பளீரென்று எரிந்தால் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

துணியும் நூலும்

வெண்மையாக்கி படாத பருத்தியும் கம்பளியும் முழுக்கக் கருத்துப்போவதில்லை. மங்கலான, சற்று மஞ்சள் கலந்த வெளிறலைக் காட்டும். புதிதாகச் சோதிப்பவர்கள் இதையே ஒளிர்வு என்று எண்ணிப் பதறுவதுண்டு. பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இன்றைய தாளின் பளபளப்புக்கும் பழைய பருத்தியின் மங்கலுக்கும் உள்ள தொலைவு ஒரே பார்வையில் விளங்கிவிடும். செயற்கை இழைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. நைலான் போருக்கு முன்பே வந்துவிட்டது. பாலியஸ்டரை இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தது 1941-இல்தான். துணிச்சந்தைக்கு அது வந்தது போருக்குப் பின். வெண்மையாக்கி சேர்க்காத பாலியஸ்டர் நூல் விளக்கின் கீழ் அமைதியாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒளிரவில்லை என்ற ஒன்றை வைத்துப் பருத்தி என்று முடிவுகட்டலாகாது.

ஒளிர்கிறதா என்பதைவிட எங்கே ஒளிர்கிறது என்பதே அதிகம் சொல்லும். உண்மையான போர்க்காலச் சட்டையை அதன் சொந்தக்காரரோ அவர் பிள்ளைகளோ பின்னாளில் சலவைத்தூளில் துவைத்திருக்கலாம். அப்போது வெளித்துணி, உள்துணி, பட்டை எல்லாம் சீராக ஒளிரும். தொழிற்சாலையிலேயே வெண்மையாக்கி ஏறிய நூல் என்றால், அந்த நூல் மட்டும் கோடு கிழித்தாற்போலத் தெரியும். பழைய மேற்சட்டையில் புதிதாகத் தைத்த சின்னம் இருந்தால் சட்டையும் சின்னமும் இருண்டிருக்க, சுற்றித் தைத்த நூல் மட்டும் புள்ளிபுள்ளியாக எரியும். அசல் சட்டை, அசல் சின்னம், ஆனால் இரண்டும் ஒன்றுசேர்ந்தது நேற்று. விலையை ஏற்றிக்காட்டும் ஏமாற்றுகளில் இது மிகவும் பரவலானது.

சீனா–பர்மா–இந்தியா போர்முனையில் பணியாற்றிய அமெரிக்கப் படையினரின் தோள் சின்னம் நல்ல எடுத்துக்காட்டு. கேடய வடிவம், நீலப் பட்டையில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள். போர்க்காலத்திலேயே இந்தியத் தையற்காரர்கள் இவற்றை ஜரிகையிலும் பட்டுநூலிலும் தோலிலும் கையால் செய்து கொடுத்தார்கள். ஒன்றைப்போல் ஒன்று இராது என்பதால் வடிவத்தை வைத்துப் போலியைப் பிடிப்பது கடினம். ஜரிகை வேலை துணைக்கண்டத்தில் இன்றும் உயிருடன் இருப்பதால் புதிதாகச் செய்வதும் எளிது. இங்கே சூரியனின் வெள்ளை நூலையும், பின்புறத் துணியையும், விறைப்புக்காக ஒட்டிய தாளையும் விளக்கில் பார்ப்பது பெரிதும் உதவும். ஜப்பானிய வீரர்கள் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் கையெழுத்து வாங்கி எடுத்துச்சென்ற கொடிகளும் அவ்வாறே. எழுத்துகள் கரிமையில் எழுதப்பட்டவை. அவை எப்படியும் கறுப்பாகவே நிற்கும். பின்னணித் துணிதான் பேச வேண்டும். இத்தகைய கொடிகள் சில இன்றும் இறந்த வீரரின் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கப்படுகின்றன. ஒரு போலிக் கொடி அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்தால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

காகிதம்

இத்துறையின் புகழ்பெற்ற வழக்கு ஹிட்லரின் நாட்குறிப்புகள். 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ், 90 லட்சம் மார்க்குக்கும் மேல் கொடுத்து வாங்கிய அறுபதுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை உலகுக்கு அறிவித்தது. மே 6 அன்று அவை போலி என்று அரசு அறிவித்தது. காகிதத்தில் போருக்குப் பிந்தைய வெண்மையாக்கியும், புத்தகக் கட்டில் செயற்கை இழையும் இருந்தன. எழுதியவர் கொன்ராட் குஜாவ், ஸ்டுட்கார்ட்டில் படைச் சேகரிப்புப் பொருட்கள் விற்று வந்தவர். அவருடைய இன்னொரு கைவரிசை இன்னும் கவனிக்கத்தக்கது. முதல் உலகப் போரின் சாதாரணத் தலைக்கவசம் ஒன்றை எடுத்து, அது ஹிட்லர் அணிந்தது என்று நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் பெயரில் ஒரு சீட்டு எழுதிச் சேர்த்தார். கவசம் அசல். எத்தனை விளக்குகளைப் பாய்ச்சினாலும் அதில் குறை தெரியாது. பொய் இருந்தது சீட்டில்.

ஒளிப்படங்களுக்கும் இது பொருந்தும். ஒளிப்படத் தாள்களில் வெண்மையாக்கி வந்தது 1950-களில். 1940-இல் மறைந்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் தாமே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட படங்கள் விளக்கின் கீழ் ஒளிர்ந்ததால்தான் 1990-களின் இறுதியில் பெரும் சர்ச்சை வெடித்தது. படைவீரர் அடையாளப் புத்தகங்களில் வேறொரு பயன் உண்டு. இரும்பு மை புற ஊதாவை உறிஞ்சுவதால், சுரண்டி அழித்த பழைய பெயரும் பதவியும் கருநிழலாக மீண்டும் தெரியக்கூடும்.

உலோகமும் மற்றவையும்

வெறும் உலோகத்திடம் இந்த ஒளிக்கு வேலையில்லை. அதற்கு எக்ஸ் கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு வேண்டும். பதக்கத்தின் எனாமலில் உடைந்த இடத்தை எபாக்சியால் நிரப்பியிருந்தால் அந்தத் திட்டு மட்டும் பெரும்பாலும் தனித்து ஒளிரும். வாள்பிடியில் யானைத் தந்தம் நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். போலிப் பிளாஸ்டிக் பலவும் மங்கிக் கிடக்கும். அரக்கு மெருகு ஆரஞ்சு நிறம் காட்டும். போருக்குப் பின் சோவியத் ஆயுதச்சாலைகளில் புதுப்பிக்கப்பட்ட மோசின்–நாகன்ட் துப்பாக்கிகளின் மரப்பகுதியில் இதைக் காணலாம்.

கடிகாரங்கள் தனிக் கவனம் கோருபவை. பிரிட்டிஷ் படைக்காக 12 நிறுவனங்கள் செய்து 1945-ஐ ஒட்டி வழங்கிய கைக்கடிகாரங்களின் முகப்பில் ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த பூச்சு இருந்தது. பல பத்தாண்டுகளில் சல்ஃபைடு நலிந்துவிடும். விளக்கை அணைத்ததும் அதன் ஒளி சட்டென்று மங்கும். அணைத்த பின்னும் நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால் அது 1990-களில் வந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு. ஆனால் படைத்துறையே பின்னாளில் பல முகப்புகளை மாற்றி டிரிட்டியம் பூசியது. அதனால் பூச்சு மாறியிருந்தாலே போலி என்று சொல்ல முடியாது. ஒளி அவிந்த ரேடியம் முகப்பிலும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். மூடியைத் திறந்து சுரண்டக் கூடாது.

விளக்கு

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சுகள் ஊதா ஒளியையும் சேர்த்துக் கொட்டுவதால் எல்லாமே ஒளிர்வதுபோலத் தோன்றும். கருங்கண்ணாடி வடிகட்டி பொருத்திய 365 நானோமீட்டர் விளக்கே ஏற்றது. கண்ணுக்குப் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி கட்டாயம். 254 நானோமீட்டர் குற்றலை விளக்குகள் கண்ணையும் தோலையும் விரைவில் புண்ணாக்கும். துணிச் சோதனைக்கு அவை தேவையும் இல்லை. சாயங்கள் வெளுக்காமலிருக்க ஒவ்வொரு பகுதியையும் சில நொடிகள் மட்டும் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். மடிப்புக்குள்ளும் தையலுக்கு அடியிலும், சலவையும் வெயிலும் குறைவாகப் பட்ட இடங்களையே முதலில் பார்க்க வேண்டும்.