பெயர் தெரியாத முகங்கள்



சென்ற தவணையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு படம் காட்டினேன். தலையில் துணி கட்டிய ஒரு மனிதனின் தலை. "சிலையா சார்?" என்றார்கள். சிலை இல்லை, குடிக்கிறதை ஊற்றி வைக்கும் மண்குடுவை என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல், நடுவே மழை காணாத மணல்வெளி. அதன் வடகரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை மோச்சே மக்கள் வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற இன்காக்களுக்குப் பல நூறு ஆண்டுகள் மூத்தவர்கள். மலை ஆற்று நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து மக்காச்சோளம் பயிரிட்டார்கள். பச்சைச் செங்கல்லால் குன்று போல் கோயில் எழுப்பினார்கள். ஆனால் அவர்களிடம் எழுத்து இல்லை. ஓர் அரசன் பெயர்கூட நம்மிடம் வந்து சேரவில்லை. வந்தது முகம்தான்.

அந்த முகங்களைப் பாருங்களேன்! ஒருவர் சிரிக்கிறார், ஒருவருக்கு ஒரு கண் இல்லை, இன்னொருவர் கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பது போல் முறைக்கிறார். ஏறக்குறைய எல்லாரும் ஆண்களே. பெண்களை ஏன் விட்டார்களோ!

குயவர் சக்கரம் அங்கே கிடையாது. முதலில் களிமண்ணில் ஒரு தலையை உருவாக்குவார்கள். அதன்மேல் வேறு களிமண்ணை அப்பி, இரண்டு பாதியாக அறுத்தெடுத்தால் அச்சு கிடைக்கும். ஒவ்வொரு பாதியிலும் மண்ணை விரலால் அழுத்தி, இரண்டையும் ஒட்டினால் தலை தயார். உச்சியில் வில் போல் வளைந்த குழாய். அதன் நடுவில் குடுவையின் வாய். வளைவே கைப்பிடியும் ஆகிவிடும். சிவப்பு, வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, வழவழப்பாகத் தேய்த்துச் சுட்டார்கள். ஒரே அச்சில் பிறந்த தலைகளுக்கு வேறு வேறு முகச்சாயம் தீட்டியதும் உண்டு.

தோட்டத்து மக்களுக்கு ஒரு செய்தி. இவற்றைத் திரட்டி ஆராய்ந்த ரஃபாயெல் லார்கோ ஒய்லே கரும்புத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. 1926-இல் சிக்லின் தோட்டத்திலேயே அருங்காட்சியகம் தொடங்கினார். அது பிறகு தலைநகர் லீமாவுக்குப் போயிற்று. அங்கே கிடங்கு அலமாரிகளையும் மக்கள் பார்க்க விடுகிறார்கள்.

மனசு கேட்காத விஷயமும் உண்டு. இந்தக் குடுவைகளில் பெரும்பாலானவை, கல்லறைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டவை. யார் கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் போச்சு. 1987-இல் சிப்பான் என்ற ஊரில் கொள்ளையர் கைவைத்த மேட்டை வால்டர் ஆல்வா என்ற ஆய்வாளர் காத்து நின்றதால்தான், ஒரு மோச்சே தலைவரின் கல்லறை முழுதாகக் கிடைத்தது.

நான் வகுப்பில் காட்டிய மனிதருக்கு மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. அதே தழும்போடு பல குடுவைகள் கிடைத்துள்ளன. கிறிஸ்டோபர் டோனன் என்ற அறிஞர் அவற்றை வயது வாரியாக வரிசைப்படுத்தினார். முதல் குடுவையில் சுமார் 10 வயதுப் பையன். கடைசியில் முப்பதைத் தாண்டிய ஆள்.

"அவர் பேரு என்ன சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. ஆய்வாளர்கள் "வெட்டுதடு" என்கிறார்கள் என்றேன். "அது பட்டப்பேருதானே சார், அவங்க அம்மா வெச்ச பேரு?" என்றாள். மணி அடித்தது. படத்தைக் கையில் வைத்தபடி நின்றேன்.