புகையில்லா நிகோடின்: நீர்மூழ்கிக் கப்பல் முதல் இசை அரங்கு வரை

ராக் இசை நிகழ்ச்சி என்றால் ஒரு காலத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும். காதைப் பிளக்கும் கிட்டார், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அந்த வெளிச்சத்தில் மிதக்கும் சிகரெட் புகை. முதல் இரண்டும் இன்றும் இருக்கின்றன. மூன்றாவது, பல நாடுகளில் அரங்கத்தை விட்டுப் போய்விட்டது. ஆனால் சிகரெட் பிடிப்பவர் போய்விடவில்லை. பிடித்த பாட்டு வரும் நேரத்தில் வாசலுக்கு ஓட மனமில்லாமல் உள்ளேயே நிற்கிறார். வாயில் ஒரு நிகோடின் சூயிங்கம், அல்லது தோளில் ஒரு ஒட்டுப்பட்டை, அல்லது உதட்டுக்கு அடியில் ஒரு குட்டிப் பொட்டலம்.

இந்தப் பொருட்கள் எங்கிருந்து வந்தன? இவற்றின் கதை இசை அரங்கில் தொடங்கவில்லை. கடலுக்கு அடியில் தொடங்கியது!

நெருப்புக்குத் தடை

புகையில்லாமல் புகையிலை பயன்படுத்துவது பழைய பழக்கம்தான். மரக்கப்பலில் ஒரு தீப்பொறி விழுந்தால் கப்பலே சாம்பல். நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு இருக்கும். அங்கே தீக்குச்சி கிழிப்பது தற்கொலைக்குச் சமம். எனவே மாலுமிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் புகையிலையை மென்றார்கள். ஸ்வீடன் நாட்டில் 'ஸ்னூஸ்' என்ற ஈரமான புகையிலைத் தூளை மேலுதட்டுக்கு அடியில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் பல தலைமுறைகளாக உண்டு.

1960களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் லுண்ட்கிரென் என்ற உடலியல் ஆய்வாளர் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களிடமும் விமானிகளிடமும் அவர் ஒன்றைக் கவனித்தார். புகைக்கத் தடை உள்ள நேரத்தில் அவர்கள் வாய்ப்புகையிலைக்கு மாறிவிடுகிறார்கள், அதிகம் தவிப்பதும் இல்லை. அப்படியென்றால் உடம்பு கேட்பது புகையை அல்ல, நிகோடினை!

1967 டிசம்பரில் அவர் இதை ஹெல்சிங்போரி நகரில் இருந்த ஏபி லியோ மருந்து நிறுவனத்தின் ஓவே ஃபெர்னோவுக்குக் கடிதமாக எழுதினார். புகையிலையே இல்லாமல், நிகோடினை மட்டும் வாய் வழியாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சூயிங்கம் பிறந்த கதை

கேட்கச் சுலபம், செய்வது கடினம். நிகோடினை அப்படியே சூயிங்கத்தில் கலந்தால் மெல்லத் தொடங்கியதும் மொத்தமும் வெளியேறி வயிற்றுக்குள் போய்விடும். எனவே நிகோடினை ஒரு வகைப் பிசினோடு பிணைத்தார்கள். மெல்ல மெல்லத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். வாயின் உட்தோல் நிகோடினை உறிஞ்சக் காரத்தன்மை தேவை. அதற்கான பொருளையும் சேர்த்தார்கள்.

இப்படி உருவான 'நிகோரெட்' 1978ல் சுவிட்சர்லாந்தில் மருந்தாக அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 1984ல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் மருத்துவர் சீட்டுடன். சீட்டு இல்லாமல் வாங்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே 1976ல் பிரிட்டன் மருத்துவர் மைக்கேல் ரசல், மக்கள் புகைப்பது நிகோடினுக்காக, ஆனால் உயிரை எடுப்பது தார்தான் என்ற கருத்தை அழுத்தமாக முன்வைத்தார்.

அடுத்து வந்தது ஒட்டுப்பட்டை. புகையிலை வயலில் ஈர இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வருவதுண்டு. காரணம், தோல் வழியாக உள்ளே போகும் நிகோடின். தோல் வழியாக நோய் வருமென்றால் மருந்தும் போகுமே! அமெரிக்காவில் மரே ஜார்விக், ஜெட் ரோஸ் ஆகியோர் இந்த வழியில் ஆராய்ந்து 1984ல் முடிவை வெளியிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் பட்டைகள் கடைக்கு வந்தன. 2009ல் உலக சுகாதார நிறுவனம் நிகோடின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மேடையும் சிகரெட்டும்

இசைக்கும் சிகரெட்டுக்கும் இருந்த உறவு சாதாரணமானது அல்ல. அமெரிக்காவில் 1975 முதல் ஒரு சிகரெட்டின் பெயரிலேயே 'கூல் ஜாஸ் விழா' நடந்தது. ரசிகர்கள் கூடும் இடமே விளம்பரப் பலகை ஆனது. 1998ல் அமெரிக்க மாநிலங்களுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சிகரெட் பெயரில் இசை நிகழ்ச்சி நடத்துவது அங்கே முடிவுக்கு வந்தது.

அதே 1998ல் கலிஃபோர்னியா மதுக்கூடங்களில் புகைக்கத் தடை வந்தது. 2003ல் நியூயார்க், 2004 மார்ச் 29ல் அயர்லாந்து, 2005ல் ஸ்வீடன், 2007ல் இங்கிலாந்து என்று வரிசை நீண்டது. அயர்லாந்தில் சட்டம் வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்பு என்ற பெயரில் வந்தது. இது முக்கியமான விஷயம். ரசிகருக்கு அரங்கம் இரண்டு மணி நேரப் பொழுதுபோக்கு. பாடகருக்கும் மதுபானம் பரிமாறுபவருக்கும் அதுதான் அலுவலகம். தான் பிடிக்காத சிகரெட்டின் புகையை இரவு முழுக்கச் சுவாசித்தவர்கள் அவர்கள். புகை போன பிறகுதான் வியர்வை நாற்றமும் பழைய பீர் வாடையும் தெரிய ஆரம்பித்தன என்ற கேலியும் அப்போது எழுந்தது.

இங்கேதான் மாற்றுப் பொருட்களின் பலவீனமும் தெரிகிறது. சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கம் வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். பட்டைக்கு மணிக்கணக்கு. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மெல்லவும் கூடாது. கொஞ்சம் மென்று கன்னத்தில் அடக்க வேண்டும். கோலா, காபி போன்ற அமிலப் பானங்கள் குடித்தால் உறிஞ்சுவது குறையும். கையில் கோலாவும் வாயில் சூயிங்கமுமாக நிற்கும் ரசிகர், "இது வேலைக்கே ஆகவில்லை" என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்தா, வியாபாரமா?

2003ல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் நவீன மின்சிகரெட்டை உருவாக்கினார். அதில் நெருப்பு இல்லை, ஆனால் ஆவி உண்டு. எனவே பல அரங்கங்கள் அதற்கும் கதவை மூடின. இந்தியா 2019ல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிறகு புகையிலைத் தூள் இல்லாத நிகோடின் பொட்டலங்கள் வந்தன. 'ஜின்' என்ற பொட்டலம் 2014ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தை 2022ல் வாங்கியது யார் தெரியுமா? மார்ல்போரோ சிகரெட்டை விற்கும் ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல்! 2023ல் பெல்ஜியம் இத்தகைய பொட்டலங்களைத் தடை செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா 'ஜின்'னுக்கு அனுமதி கொடுத்தது. ஒரே பொருளுக்கு இரண்டு தீர்ப்புகள்.

காரணம், இரண்டு நாடுகளும் ஒரே கேள்வியின் இரு பக்கத்தைப் பார்க்கின்றன. புகைப்பவர் பொட்டலத்துக்கு முழுதாக மாறினால் அவருக்குத் தீங்கு குறையும். ஒருபோதும் புகைக்காத பதினெட்டு வயதுப் பையன் எடுத்தால் அவனுக்குப் புதிதாக ஓர் அடிமைத்தனம் தொடங்கும்.

ஃபெர்னோவின் சூயிங்கம் நாளடைவில் குறைத்து, ஒரு நாள் அதையும் விட்டுவிடுவதற்காகச் செய்யப்பட்டது. இன்றைய பொட்டலத்துக்கு அப்படி ஒரு கடைசி நாள் குறிக்கப்படவில்லை. நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் எரிந்ததும் வாசலுக்கு வந்து முதல் வேலையாகச் சிகரெட் பற்ற வைப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் வெறும் இடைவேளை. பற்ற வைக்காமலே வீட்டுக்கு நடப்பவருக்கு அதுவே தொடக்கம். இரண்டு பேர் வாயிலும் இருந்தது ஒரே சூயிங்கம்தான்.