பன்னிருவர் மனச்சான்று

ஜூரி முறையின் வரலாற்றில் 1670ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. இலண்டன் தெருவில் சமயவுரை ஆற்றிய வில்லியம் பென்மீதும் அவருடன் நின்ற வில்லியம் மீட்மீதும், சட்டத்திற்கு மாறாகக் கூட்டம் கூட்டியதாக வழக்குத் தொடுக்கப்பெற்றது. நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பை உரைக்க ஜூரர்கள் பன்னிருவரும் மறுத்தனர். உணவும் நீரும் நெருப்புமின்றி இரவில் அடைத்து வைத்தும் அவர்கள் இணங்கவில்லை. இருவரும் குற்றமற்றவர் என்றே மொழிந்தனர். அதற்காக ஜூரர்களுக்கே தண்டம் விதிக்கப்பெற்றது. எட்வர்டு புஷல் முதலியோர் அதனைச் செலுத்தாது சிறையிலிருந்தே வழக்காடினர்.

தலைமை நீதிபதி வாகன் புஷலை விடுவித்தார். நீதிபதி சொன்னதையே ஜூரரும் சொல்லவேண்டுமாயின் ஜூரி எதற்கு என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்தியக் குற்றவழக்குகளில் ஜூரி முறை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்தது. ஆயினும் தீர்ப்புரைப்பவர் அச்சமின்றி இருத்தல்வேண்டும் என்னும் அறம் எம்முறைக்கும் பொதுவன்றோ?