இலை தீட்டும் முடி

படப்பையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோர ஸ்டேஷனரி கடைகளில், சார்ட் அட்டைக்கும் ஜியோமெட்ரி பாக்ஸுக்கும் நடுவே டம்ளரில் நிற்கும் பிரஷ்கள் இப்போது பெரும்பாலும் நைலான். முன்பெல்லாம் நம்மூர்க் கடைகளில் கீரி முடியும் சகஜம்.

கீரி முடியைக் கண்டுபிடிப்பது சுலபம். நுனி கறுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், அடியில் மறுபடி கருமை. சாயமல்ல, கீரியின் உடம்பிலேயே ஒவ்வொரு முடியும் அப்படித்தான். அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும். ஓவியர்கள் மயங்கியது அதில்தான். ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரிகள் சாக வேண்டும் என்பது வனவிலங்கு ஆர்வலர்களின் கணக்கு. அந்த முடி பல கை மாறி, உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட்டுக்குப் போய்ச் சேரும். ஊரே பிரஷ் கட்டிப் பிழைக்கிறது.

பிரஷ் கட்டுவதில் முடியைச் சீவி, அடிப்பஞ்சை நீக்கி, தலைகீழாகக் கிடப்பவற்றைப் பொறுக்கி எறிவது முதல் வேலை. பிறகு ஒரு கொத்தை நுனி கீழே இருக்கும்படி சின்னக் கிண்ணத்தில் இறக்கித் தட்டுவார்கள். கிண்ணத்தின் அடிவளைவு எப்படியோ, முனையும் அப்படி. நூலால் கட்டி, உலோகக் குழலில் செருகி, பசையிட்டு, கைப்பிடி மாட்டி இறுக்கினால் முடிந்தது. கத்தரி படுவது அடிப்பக்கத்தில் மட்டும். நுனியில் பட்டால் இயற்கைக் கூர்மை போய்விடும். அப்புறம் அது துடைப்பம்தான்.

கீரி முடியை வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019 அக்டோபரில் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் ஷேர்கோட் உட்படப் பல மாநிலங்களின் ஊர்களில் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது.

ஆக, நமக்கு மிஞ்சுவது நைலான்தான். நைலான் இழை தண்ணீரைக் குறைவாகவே பிடிக்கும், உண்மைதான். இலை வரைய அது போதாது என்று சலித்துக்கொள்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இலைக்கு வேண்டியது நிமிர்வு. அது நைலானிடம் தாராளமாக இருக்கிறது.

பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் தண்டம். 6-ஆம் எண் ரவுண்ட் ஒன்று, இலை நரம்புக்கு மெல்லிய லைனர் ஒன்று, அரை இஞ்ச் ஃபிளாட் ஒன்று போதும். புது பிரஷ்ஷின் கூர்மையை நம்பாதீர்கள். அது பசை கொடுத்த கூர்மை. கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டுக் கழுவி, ஒரு உதறு உதறுங்கள். ஒரே முனையாகக் கூடினால் வாங்கலாம், இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடலாம்.

19-ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த தென்னிந்தியச் செடிகளைப் பார்த்தால் முனையின் அருமை தெரியும். நமக்கு வேப்பிலையில் தொடங்கினால் போதும்: முனையை வைத்து, அழுத்தி, லேசாகத் திருப்பி எடுத்தால் காம்பும் அகலமும் நுனியும் ஒரே இழுப்பில் விழுந்துவிடும். வாழைக்கு இது செல்லாது. ஃபிளாட்டால் பச்சையைப் பரப்பி, ஈரம் காயுமுன் பிழிந்த பிரஷ்ஷின் விளிம்பை நடுத்தண்டிலிருந்து ஓரம்வரை இழுத்து, நிறத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெள்ளை பெயிண்டில் கோடு போட்டால் இலை பிளாஸ்டிக் ஆகிவிடும்.