அம்பலம் என்னும் சொல்

சைவ நன்மக்கள் திருமுறை ஓதத் தொடங்குங்காலும் முடிக்குங்காலும் வாயார மொழிவது 'திருச்சிற்றம்பலம்' என்பதாம். இதன்கண் நின்ற 'அம்பலம்' எம்மொழிக்கு உரியது, எப்பொருளை உடையது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

வடமொழியில் 'அம்பரம்' என்றொரு சொல் உண்டு. ஆடை, ஆகாயம் என்பன அதன் பொருள்கள். ரகரம் லகரமாகத் திரிதல் மொழிகளிற் காணப்படுவதாகலின், அம்பலம் என்பது அதன் திரிபே என்பாரும் உளர். ஓசை ஒத்தல் ஒன்றே கொண்டு இவ்வாறு துணிதல் சாலாது. பொருளும் ஒத்தல் வேண்டும்.

தமிழில் அம்பலமாவது பலர் கூடும் வெளியிடமும் ஊரவையுமாம். மன்று, பொது, பொதியில் என்பன இதனோடு இனமான சொற்கள். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்னும் பழமொழியில் இது வழக்குத் தீர்க்கும் அவையைக் குறித்தது. மறைந்த செய்தி வெளிப்பட்டால் 'அம்பலமாயிற்று' என்கின்றோம். மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் ஊர்த்தலைவர்க்கு அம்பலக்காரர் என்று பெயர். மலையாளத்தார்க்கு அம்பலம் என்பது கோயிலேயாம். கோயிற்பணிக்குரிய குடியினர் அங்கே அம்பலவாசிகள் எனப்படுவர். சிங்களத்தில் 'அம்பலம' என்பது வழிப்போக்கர் இளைப்பாறும் மண்டபம். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய என்னும் ஊரில் மரச்செதுக்கு வேலைப்பாடமைந்த பழைய அம்பலம ஒன்று இன்றும் காணலாம். இம்மூன்று மொழி வழக்கினும் ஆடைப்பொருளோ ஆகாயப்பொருளோ இச்சொற்கு வந்திலது; பலர் வந்து சேரும் இடம் என்பதே யாண்டும் உள்ளீடாக நிற்கின்றது. ஆகலின் இது தென்னாட்டுச் சொல்லே என்பது எமது துணிபு.

இனி, சிற்றம்பலம் சிதம்பரம் ஆயினவாறு யாங்ஙனம்? தில்லை, பெரும்பற்றப்புலியூர் என்பன ஊரின் பழம்பெயர்கள். சிற்றம்பலம் அவ்வூர்க்கண் இறைவன் ஆடும் மன்றின் பெயர். சிறுமை + அம்பலம் எனப் பிரியும். இதற்கு வடமொழியிலேயே ஒரு சான்று உண்டு. முதல் இராசேந்திர சோழன் (1014–1044) வழங்கிய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. அவற்றின் வடமொழிப் பகுதி, முதற் பராந்தகன் (907–955) சிவபெருமானுக்குப் பொன்னால் இயற்றிய இல்லத்தைத் 'தப்ர சபை' என்கின்றது. தப்ரம் என்பதற்குச் சிறியது என்பது பொருள். இருமொழியும் வல்ல அரசவைப் புலவர் சிற்றம்பலத்தைச் 'சிறிய சபை' என்றே பெயர்த்தனர் என்க. மக்கள் பேச்சில் 'ற்ற' என்பது 'த்த' என ஒலிப்பதால் சிற்றம்பலம் 'சித்தம்பலம்' ஆகும். அதன்மேல் அறிவாகிய சித்தும் வெளியாகிய அம்பரமும் கூட்டிப் பொருள் கண்டது ஆன்றோர் வகுத்த தத்துவ உரையாம்.

அவ்வுரையை இகழ்தல் நம் கருத்தன்று. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயம் இதயத் தாமரையினுள் உள்ள சிறு வெளியைத் தகரம் எனக் கூறும். தகரம் என்பதும் சிறுமையே. எனவே சிற்றம்பலத்தின் சிறுமை தமிழ்ப்பெயர்க்கும் தகரவித்தைக்கும் பொதுவாயிற்று. சொல்லின் பிறப்பு வேறு, அதன்மேல் எழுந்த ஞானப்பொருள் வேறு. பின்னது கிடைத்தமையால் முன்னதனைக் கைவிடுதல் நேரிதன்று.

கைவிட்டால் இழப்பது யாது? அம்பரம் என்று மட்டும் கொள்வோர்க்கு வெளி எஞ்சும், பொது மறையும். கூத்தப்பிரான் ஆடுமிடம் மன்று, பொது எனப்பட்டது எல்லா உயிர்க்கும் உரிய அருளரங்கு ஆதலின் அன்றோ! ஆயினும் பொதுமை பெயரில் இருந்தும் நடையில் இல்லாதிருந்த காலம் நெடிது. புலையர் குலத்துதித்த திருநாளைப்போவார் தில்லையின் எல்லையில் தயங்கி நின்ற வரலாற்றைப் பெரியபுராணம் உரைக்கின்றது. சென்னை மாகாணம் முழுதும் கோயிற்கதவம் யாவர்க்கும் சட்டத்தால் திறந்தது 1947-ஆம் ஆண்டிலேயாம்.

குறிஞ்சிப்பாடியை அடுத்த வடலூரில் இராமலிங்க வள்ளலார் (1823–1874) 1867-இல் தருமச்சாலை கண்டு பசித்தோர்க்கு உணவிட்டார். 1872-இல் சத்திய ஞானசபையைத் திறந்தார். அவ்விடத்திற்கு உத்தர ஞான சிதம்பரம் என்றும் பெயரிட்டார். சிங்கள நாட்டில் இளைப்பாறும் மண்டபமாகவும் மலைநாட்டில் கோயிலாகவும் பிரிந்து வழங்கிய ஒரு சொல்லின் பொருள்கள் அங்கே சாலையும் சபையுமாய் ஓரூரில் அருகருகே நிற்கின்றன. நாவினால் திருச்சிற்றம்பலம் என்னுந்தோறும் அடியார்கள் 'இது பொது' என்பதனை நெஞ்சினும் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.