கைமாறிய மோட்டார் சைக்கிள்: காசு கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

வன்னியில் இருந்து கண்டிக்கு வேலைக்கு வரும் பொடியன்கள் முதலில் தேடுவது தங்க ஒரு அறை. அடுத்தது ஒரு மோட்டார் சைக்கிள். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, திகன, குண்டசாலை என்று ஏறி இறங்கும் வீதிகளில் இரவு வேலை முடித்து வர பஸ்ஸை நம்ப முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தாலும், எங்களில் பலருக்கு எட்டுவது கைமாறிய வண்டிதான்.

தெரிந்தவர்களோடு வண்டி பார்க்க நானும் போவதுண்டு. எஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக் கிடைப்பார். ஹந்தானைப் பக்கம் ஒரு ஏற்றம் ஓட்டினால் அதன் பலமும் தெரிந்துவிடும். கடதாசியைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆனால் வழியில் பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது கடதாசியை. பெயர் பொருந்தாத வண்டியோடு நிற்கும் தமிழ்ப் பொடியனிடம் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் பதிவுச் சான்றிதழ்

நாங்கள் ‘சி.ஆர்.’ அல்லது ‘புத்தகம்’ என்று சொல்லும் பதிவுச் சான்றிதழை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்குகிறது. மூலப் பிரதியைக் கேளுங்கள். போட்டோப் பிரதியைக் காட்டி, மூலம் அண்ணனிடம் இருக்கிறது என்று சொன்னால், அண்ணன் வந்த பிறகு பேசலாம் என்று திரும்பி வாருங்கள். சி.ஆரில் உள்ள பெயரும் இலக்கமும் விற்பவரின் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். நிறம், மாதிரி, எஞ்சின் கொள்ளளவு ஆகியவை முன்னால் நிற்கும் வண்டிக்கு ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து சேசி இலக்கம். பெரும்பாலான வண்டிகளில் ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் அது குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் இலக்கம் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருக்கும். துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக சி.ஆரோடு ஒப்பிடுங்கள். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மற்றவற்றை விட ஆழமாக இருந்தன. சுற்றிலும் அரத்தால் தேய்த்த அடையாளம். விலை நல்ல விலைதான். வாங்காமல் வந்துவிட்டோம்.

விற்பவரின் வாயை மட்டும் நம்ப வேண்டாம். திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து அடிப்படை விபரங்களைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ள விபரத்தையும் பெறலாம். களவு போன வண்டியோ என்று சந்தேகம் வந்தால் முற்பணம் கொடுக்க முன் பொலிஸில் விசாரியுங்கள்.

லீசிங் முடிந்ததா?

சி.ஆரில் ‘அப்சலூட் ஓனர்’ என்று வரும் இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை வண்டி முழுமையாக விற்பவருடையது அல்ல. ‘கட்டி முடித்துவிட்டேன், கடிதம் பிறகு தருகிறேன்’ என்ற பேச்சு போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். முடிந்தால் கிளைக்கே போய்க் கேளுங்கள். தவணை நின்றால் அவர்கள் தேடுவது வண்டியை. அப்போது அது உங்கள் வாசலில் நிற்கும்.

ஓப்பன் பேப்பர்

விற்பவர் உரிமைமாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பதுதான் ‘ஓப்பன் பேப்பர்’. வண்டி நாலு கை மாறினாலும் பதிவேட்டில் முதலாவது ஆளே இருப்பார். 2022 இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது, தங்கள் வாகன இலக்கத்தைப் பழைய உரிமையாளர் ஏற்கனவே பதிந்துவிட்டார் என்று அலைந்தவர்கள் உண்டு. எம்.டி.ஏ 6, எம்.டி.ஏ 8 படிவங்களை உங்கள் பெயரில் நிரப்பி, தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.

உரிமையாளர் இல்லாத வண்டி

எங்கள் ஊர்களுக்கே உரிய சிக்கல் இது. 2009 இல் வன்னியில் கைவிடப்பட்ட வண்டிகள் எத்தனையோ. புத்தகத்தில் பெயர் உள்ளவர் இறந்திருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். இறந்தவரின் வண்டியை உறவினர் ஒருவர் தனியாக விற்றுவிட முடியாது. மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்; சில வேளை நீதிமன்றமும் போக வேண்டும்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் அதை மட்டும் காட்டி வண்டியை விற்கலாம் என்று எண்ண வேண்டாம். வாங்குபவரும் விற்பவரும் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். இறந்தவரின் கையெழுத்தை வேறு யாரும் போட்டுத் தந்தால் அது மோசடி. அந்தக் கடதாசி இருப்பது உங்கள் கையில்.

மற்றக் கடதாசிகள்

வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றையும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் சில ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். காசு கைமாறும்போது திகதி, நேரம், சேசி இலக்கம், இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள் எழுதி, சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கொடுத்த அன்றே உங்கள் பொறுப்பு முடிவதில்லை. பெயர் மாறும் வரை, அந்த வண்டி எங்காவது விபத்திலோ குற்றத்திலோ அகப்பட்டால் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. விற்றதைத் திணைக்களத்துக்கு அறிவித்து, அனுப்பியதற்கான பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் கடதாசியைத் தொலைத்து அலைந்தவர்கள் நாங்கள். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.