நாகியோஸ் எச்சரிக்கை அறிவிப்புகள்

நாகியோஸ் எச்சரிக்கை அறிவிப்புகள் என்பவை, வழங்கிகளையும் வலையமைப்புக் கருவிகளையும் கண்காணிக்கும் நாகியோஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், தான் கண்டறிந்த பழுதை உரியவர்களுக்குத் தெரிவிக்க அனுப்பும் செய்திகள் ஆகும். எந்நிலையில், எந்நேரத்தில், யாருக்கு, எவ்வழியாக, எத்தனை முறை அறிவிக்க வேண்டும் என்பதை வழங்கி நிர்வாகி உரைக்கோப்புகளில் எழுதி வைக்கிறார். இது அறிவிப்பு அமைவடிவம் எனப்படும்.

இவ்வமைவடிவத்தின் நோக்கம் மிகுதியான செய்திகளை அனுப்புவதன்று. தேவையற்ற செய்திகள் நாள்தோறும் வந்து குவிந்தால், நிர்வாகி அவற்றைப் படிக்காமலேயே அழிக்கப் பழகிவிடுகிறார்; உண்மையான பழுதைப் பற்றிய செய்தியும் அவற்றோடு அழிந்துபோகிறது. எனவே, எதை அறிவிக்கக்கூடாது என்று தீர்மானிப்பதும் இப்பணியின் முக்கியக் கூறாகும்.

வரலாறு

ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் 1999இல் நெட்செயின்ட் என்னும் பெயரில் இம்மென்பொருளை வெளியிட்டார். வணிகக்குறிச் சிக்கல் காரணமாக 2002இல் இது நாகியோஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2009இல் இதன் மூலநிரலில் இருந்து ஐசிங்கா என்னும் திட்டம் கிளைத்தது.

நிலைகள்

நாகியோஸ் தானாக எதையும் அளப்பதில்லை. சோதனைகளைச் செருகுநிரல்கள் செய்கின்றன. ஒவ்வொரு செருகுநிரலும் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். சேவைகளைப் பொறுத்தவரை அவ்வெண்களின் பொருள் வருமாறு:

0 – சரி
1 – எச்சரிக்கை
2 – நெருக்கடி
3 – அறியப்படாத நிலை

ஒரு சோதனை தோல்வியுற்ற உடனே அறிவிப்பு அனுப்பப்படுவதில்லை. முதல் தோல்வி மென்னிலை எனக் கொள்ளப்படும். குறித்த எண்ணிக்கையிலான மறுசோதனைகளும் தோல்வியுற்றால் அது வன்னிலை ஆகும். அதன் பின்னரே அறிவிப்பு எழும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வலை வழங்கியின் வழக்கமான சோதனை இடைவெளி 5 நிமிடம், மறுசோதனை இடைவெளி 1 நிமிடம், அதிகபட்ச முயற்சிகள் 4 எனக் கொள்வோம். காலை 10:00 மணிக்குச் சோதனை முதன்முறை தோல்வியுற்றால், 10:01, 10:02, 10:03 ஆகிய நேரங்களில் மீண்டும் சோதிக்கப்படும். நான்காவது முயற்சியும் தோல்வியுற்றால் 10:03க்கு அறிவிப்பு செல்லும். இடையில் சேவை மீண்டுவிட்டால் யாருக்கும் செய்தி வராது. முயற்சிகளைக் கூட்டினால் வீண் செய்திகள் குறையும். ஆனால் உண்மையான பழுது தெரியவரும் நேரமும் தாமதமாகும்.

வடிகட்டிகள்

வன்னிலையை அடைந்த பின்னரும் ஓர் அறிவிப்பு பல வடிகட்டிகளைக் கடக்க வேண்டும்:

திட்டமிட்ட நிறுத்தம்: பராமரிப்புக்காக முன்கூட்டியே குறிக்கப்பட்ட நேரத்தில் பழுது அறிவிப்புகள் அனுப்பப்படுவதில்லை.

ஊசலாட்டம்: ஒரு சேவை அடிக்கடி வீழ்ந்து மீண்டால், இறுதி 21 சோதனை முடிவுகளில் நிகழ்ந்த நிலைமாற்றங்களின் விழுக்காடு கணக்கிடப்படும். அது உயர் வரம்பை மீறினால் வழக்கமான அறிவிப்புகள் நிறுத்தி வைக்கப்படும்.

நிலைத் தெரிவு: எந்தெந்த நிலைகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே குறிக்கலாம்.

கால எல்லை: அறிவிக்கத்தக்க நாள்களையும் மணி நேரங்களையும் குறிக்கலாம். முக்கியமற்ற சோதனை வழங்கிகளுக்கு அலுவலக நேரம் மட்டும் போதுமானது.

தொடர்பாளர் விருப்பம்: செய்தி பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தனியான கால எல்லையும் நிலைத் தெரிவும் உண்டு.

இவை தவிர, கருவிகளுக்கு இடையே பெற்றோர் உறவையும் குறிப்பிடலாம். ஒரு திசைவி வீழ்ந்தால் அதற்கு அப்பாலுள்ள வழங்கிகள் 'வீழ்ந்தவை' எனக் கொள்ளப்படாமல் 'எட்டமுடியாதவை' எனக் கொள்ளப்படும். எட்டமுடியா நிலைக்கான அறிவிப்பை நீக்கிவிட்டால், நாற்பது வழங்கிகளுக்கு நாற்பது செய்திகள் வராமல், திசைவியைப் பற்றிய செய்தி மட்டும் வரும்.

மறு அறிவிப்பும் மேல்முறையீடும்

பழுது நீடித்தால் குறித்த இடைவெளியில் அறிவிப்பு மீண்டும் அனுப்பப்படும். இவ்விடைவெளியை 0 என அமைத்தால் ஒரே ஒரு முறை மட்டும் அறிவிக்கப்படும். நிர்வாகி பழுதை ஏற்றுக்கொண்டதாக வலை இடைமுகத்தில் பதிவு செய்தால் மறு அறிவிப்புகள் நின்றுவிடும். பிற நிர்வாகிகளும் ஒருவர் அதைக் கவனிக்கிறார் என அறிந்துகொள்வர்.

எவரும் கவனிக்காவிட்டால், மூன்றாவது அறிவிப்பு முதல் மூத்த நிர்வாகிக்கும் செல்லுமாறு மேல்முறையீட்டு விதி எழுதலாம். இங்கு ஒரு பிழை எளிதில் நேரும்: விதி நடைமுறைக்கு வந்ததும் அதில் குறிக்கப்பட்ட குழுவுக்கு மட்டுமே செய்தி செல்லும். எனவே முதல்நிலைக் குழுவையும் அவ்விதியில் சேர்க்க வேண்டும்.

அனுப்பும் வழி

அறிவிப்பை அனுப்புவது ஒரு சாதாரணக் கட்டளையே ஆகும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அரட்டைச் செயலி என எதற்கும் கட்டளை எழுதலாம். ஆயினும், கண்காணிக்கப்படும் மின்னஞ்சல் வழங்கியின் வழியாகவே எச்சரிக்கையும் செல்லுமாறு அமைத்தல் ஆகாது. அவ்வழங்கி வீழும்போது அதன் வீழ்ச்சியைக் கூறும் செய்தியும் வெளியேறாது. அதுபோலவே நாகியோஸ் இயங்கும் கணினி நின்றுவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. அனைத்தும் நலம் என்றே தோன்றும். இதனைத் தவிர்க்க, அக்கணினியை வேறோர் இடத்திலிருந்து மற்றொரு கணினி கண்காணித்தல் வேண்டும்.